வட்டார மாதக் கூட்டத்துக்கு ஆக்கள் குறையுது, என்ன செய்யலாம்?

வலிகாமத்தான்:
எங்கட வட்டாரத்தில மரபைப் பேணவேணும் எண்டு நினைக்கிற ஆக்கள் சேந்து ஒரு சின்ன அரசியல் குழு நடத்திறம். தோட்டக்காணி துண்டுபடக்கூடாது, கோயில் காணி கைமாறக்கூடாது, ஊருக்குள்ள புதுச் சாராயக்கடை வரக்கூடாது, இதுதான் நிலைப்பாடு. கட்சியாப் பதியேல்லை. மாதம் ஒருக்கா சனசமூக நிலையத்தில கூடுறம். தொடக்கத்தில மண்டபம் நிறைஞ்சது, இப்ப முன்வரிசையே காலி. மூண்டு மணித்தியாலம் கதைச்சும் முடிவு வாறேல்லை. எந்த நாள், எவ்வளவு நேரம் வைக்கலாம்? காசு எப்பிடிச் சேர்க்கிறது?

பனங்கூடல்:
தம்பி, வாறவைக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லாட்டி கூட்டம் கலையத்தான் செய்யும்.

பிரதேச சபை மாதம் ஒருக்காவாவது பொதுக்கூட்டம் கூடவேணும். அந்தத் திகதியைச் சபைக் கந்தோரில கேட்டு, அதுக்குப் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன்னம் உங்கட கூட்டத்தை வையுங்கோ. வட்டார உறுப்பினர் ஒரு பிரேரணை கொண்டுபோறதெண்டால் முன்கூட்டியே எழுத்தில அறிவித்தல் குடுக்கவேணும். முதல்நாள் இரவு போய்ச் சொன்னால் அது அடுத்த மாதத்துக்குத் தள்ளுப்படும்.

ஞாயிறு பின்னேரம் 4.30 நல்லது. காலமையில பூசையும் அறநெறி வகுப்பும் இருக்கு. போயா (பறுவம்) லீவுதானே எண்டு அதில வைக்காதேங்கோ, சித்திராப் பௌர்ணமிக்கு விரதகாரர் வரமாட்டினம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் சனம் அங்கதான் நிக்கும், அந்த முறை கொடியேற முன்னமே கூடிடுங்கோ.

75 நிமிசத்துக்கு மேல வேண்டாம். போன கூட்டக் குறிப்புக்கு 10, கணக்குக்கு 5, ஒரேயொரு பெரிய விசயத்துக்கு 40, மிச்சம் 20 நிமிசம் பொறுப்புப் பிரிக்க. இந்தக் கடைசி 20ஐத்தான் எல்லா இடமும் வெட்டுறவை, கூட்டம் பிழைக்கிறதும் அங்கதான். ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில ஆள் ஆர், எந்தத் திகதிக்குள்ள எண்டு கொப்பியில எழுதுங்கோ. "குழு கவனிக்கும்" எண்டு எழுதினால் ஒருத்தரும் கவனிக்கமாட்டினம்.

கணக்குப்பிள்ளை:
காசுக்கு வாறன். ஆளுக்கு 100 ரூபா மாதச் சந்தா, தேத்தண்ணிக்கும் போட்டோக்கொப்பிக்கும் போதும். இலக்கம் போட்ட பற்றுச்சீட்டு, காபன் பிரதியோட. வங்கிக் கணக்கு திறக்கப் போனால் யாப்பும் தீர்மானப் பிரதியும் கேப்பினம், முதலே எழுதி வையுங்கோ. மூண்டு பேரில இரண்டு பேர் கையெழுத்து வைக்கிற மாதிரி.

உண்டியல் சுத்த விடாதேங்கோ. நாளைக்குத் தேர்தலில சுயேச்சைக் குழுவா நிக்க நினைச்சால், 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினச் சட்டப்படி பேர் தெரியாதவரிட்ட நன்கொடை வாங்கேலாது. தேர்தல் முடிவு வந்து 21 நாளுக்குள்ள வேட்பாளர் வரவுசெலவு காட்டவேணும். உண்டியலில விழுந்த காசு ஆற்றை எண்டு எப்பிடிக் காட்டுவியள்? வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் அனுப்பினாலும் பேர், விலாசம் எழுதாமல் எடுக்காதேங்கோ.

வலிகாமத்தான்:
நன்றி அண்ணை. சாராயக்கடை விசயத்தில மனுக் குடுத்தால் பதிலே வாறேல்லை.

ஊர்க்குருவி:
மனுவோட தகவல் கோரிக்கையும் குடுங்கோ. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில, உறுப்பினரில நாலில மூண்டு பங்கு இலங்கைப் பிரசைகளா இருந்தால் பதியாத குழுவும் கேக்கலாம். ஆனாலும் செயலாளர் தன்ர பேரில கேக்கிறது லேசு. "ஏன் அனுமதிச்சனீங்கள்?" எண்டு கேட்டால் ஆவணம் வராது. "இந்த விலாசத்துக்கான அனுமதி விண்ணப்பத்தின்ர பிரதி, அதில இணைச்ச அறிக்கைகளின்ர பிரதி" எண்டு கேளுங்கோ. தாறதோ இல்லையோ எண்டு 14 வேலைநாளுக்குள்ள முடிவு சொல்லவேணும். மறுத்தால் 14 நாளுக்குள்ள மேன்முறையீடு. மனுவைப் பிரதேச செயலாளருக்கும் மதுவரித் திணைக்களத்துக்கும் பதிவுத்தபாலில அனுப்பி, துண்டைக் கூட்டக் கொப்பியில ஒட்டுங்கோ.

இன்னொண்டு. சனசமூக நிலையம் எல்லாருக்கும் பொது இடம். நிர்வாகத்திட்ட எழுத்தில அனுமதி எடுங்கோ, கொடி பதாகை கட்டாதேங்கோ. ஒலிபெருக்கி எண்டால் பொலிஸ் அனுமதி வேணும், முப்பது பேருக்கு அது தேவையுமில்லை.