ஒரே கொட்டை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொடி: வீட்டில் காபி அரைத்த அனுபவம்

வீட்டிலேயே காபிக்கொட்டை அரைக்க ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. ஆரம்பித்த புதிதில் நான் வீணாக்கிய கொட்டையை நீங்களும் வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சின்ன வயதில் பாட்டி வீட்டில் பெஞ்சு ஓரத்தில் திருகி மாட்டிய ஓர் இரும்பு மிஷின் இருந்தது. மேலே கிண்ணம் மாதிரி வாய், பக்கத்தில் கைப்பிடி. கொட்டையை வறுத்து ஆறவைத்து அதில் போட்டுச் சுற்றுவது சித்தப்பா வேலை. பாட்டி பொடியை ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் திருகை இறுக்குடா" என்பார். எதற்கு இவ்வளவு பார்க்கிறார் என்று அப்போது எனக்குப் புரிந்ததில்லை.

ஏற்காடு போனபோது அரைக் கிலோ வறுத்த அராபிகா கொட்டை வாங்கி வந்தேன். வீட்டில் ஒரு ஃப்ரெஞ்ச் பிரஸ், அதாவது பொடியை வெந்நீரில் ஊறவிட்டுச் சல்லடைத் தட்டால் அழுத்தி வடிக்கிற ஜாடி, சும்மா கிடந்தது. மிக்ஸி சின்ன ஜாரில் கொட்டையைப் போட்டு அடித்து, வெந்நீர் ஊற்றி, நாலு நிமிஷம் கழித்து அழுத்திக் குடித்தால் ஒரே வாயில் புளிப்பும் கசப்பும். அடியில் சேறு மாதிரி வண்டல். மிச்சப் பொடியை வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்த்தேன். பாதி, உடைத்த கடலைப்பருப்பு அளவுக்குத் துண்டு. பாதி, ஊதினால் பறக்கிற தூசி. தூசியிலிருந்து எல்லாம் சீக்கிரம் இறங்கிக் கசப்பு வருகிறது, பெரிய துண்டுக்குள் தண்ணீர் முழுக்கப் போகவே இல்லை, அதனால் புளிப்பு. கொட்டை மேல் ஒரு குறையும் இல்லை. மிக்ஸி பிளேடு அரைப்பதில்லை, கண்டபடி நறுக்குகிறது, அவ்வளவுதான். அதிக நேரம் ஓட்டினால் ஜாரும் சூடாகி வாசனையும் போய்விடுகிறது.

அப்புறம் ஒரு கை கிரைண்டர் வாங்கினேன். உள்ளே பல் வெட்டிய கூம்பு ஒன்று சுற்றும், அதற்கும் சுற்றியுள்ள வளையத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைத் திருகி மாற்றலாம், ஒவ்வொரு திருகலுக்கும் 'க்ளிக்' என்று சத்தம் வரும். என்னுடையதில் எத்தனை க்ளிக் என்று சொன்னால் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாட்டி மாதிரி விரலால்தான் பார்க்க வேண்டும். ஃப்ரெஞ்ச் பிரஸ்ஸுக்கு இட்லி ரவையைவிடக் கொஞ்சம் பெரிசாக இருக்கட்டும். காகித ஃபில்டரில் சுற்றிச் சுற்றி ஊற்றுகிற போர் ஓவருக்கு உப்புமா ரவை பதம். நான் 15 கிராம் பொடிக்கு 250 மில்லி தண்ணீர் ஊற்றுகிறேன், மூன்று நிமிஷம் பக்கம் இறங்கி முடிந்தால் அரைவை சரி, ஒன்றரை நிமிஷத்திலேயே ஓடிவிட்டால் இன்னும் நைசாக்க வேண்டும்.

அடுப்பில் வைத்தால் ஆவி அழுத்தத்தில் காபி மேலே ஏறுகிற 'மோக்கா பாட்' என்ற பாத்திரத்தில்தான் கொஞ்சம் பயந்துவிட்டேன். 1933-இல் இத்தாலியில் வந்த சாதனம் அது, எஸ்பிரெசோ மாதிரியே இருக்கும் என்று எல்லோரும் சொன்னதால் பொடியை மாவாக அரைத்து, அழுத்தியும் வைத்துவிட்டேன். மேலே காபி ஏறவே இல்லை, பக்கவாட்டு வால்விலிருந்து புஸ்ஸென்று ஆவி அடித்தது. எஸ்பிரெசோ மிஷின் 9 பார் அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ளுகிறது, மோக்கா பாத்திரத்தில் 1, 2 பார்தான் வரும், அதற்கு அந்த மாவை ஊடுருவ வலு கிடையாது. பொடியுப்பு பதத்தில் அரைத்து, அழுத்தாமல் தட்டி நிரப்புங்கள். போதும்.

இனி நம் ஃபில்டர். எனக்கு அதிக நாள் எடுத்தது இதுதான். சிக்கரி இல்லாத அதே ஏற்காட்டுக் கொட்டையை ரவை பதத்தில் அரைத்துப் போட்டேன், ஐந்தே நிமிஷத்தில் மொத்தமும் கீழே இறங்கிவிட்டது. டிகாஷனில் டம்ளரின் அடி தெரிகிறது. பால் சேர்த்ததும் வெளுத்துப்போய், அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டபராவைத் தள்ளி வைத்துவிட்டார். மறுநாள் ராத்திரி மாவு மாதிரி அரைத்துப் போட்டுப் படுத்தேன், காலையில் பார்த்தால் ஊற்றிய தண்ணீர் முக்கால்வாசி மேலேயே நிற்கிறது. மேல் பாத்திரத்தைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தால் பாதி ஓட்டை அடைத்திருந்தது, அடுப்புத் தணலில் காட்டி எரித்துத்தான் எடுத்தேன்.

காரணம், சிக்கரி இல்லாததுதான். கடைப் பொடியில் நூற்றுக்கு இருபது பங்கு சிக்கரி கலந்திருந்தால், அது தண்ணீரைக் குடித்து உப்பி, இறங்குவதை மெதுவாக்குகிறது, நிறமும் கெட்டியும் கொடுக்கிறது. அது இல்லாதபோது அந்த வேலையையும் அரைவைதான் செய்ய வேண்டும். ஆகவே தனிக் காபியை ரவைக்கும் கோலமாவுக்கும் நடுவில், கோலமாவுப் பக்கமாகவே அரைக்கிறேன், பொடி மேல் வைக்கிற காம்பு வைத்த ஓட்டைத் தட்டை, அதாவது குடையை, வைத்து லேசாக அழுத்தி, கொதி அடங்கிய தண்ணீரை முதலில் பொடி நனைகிற அளவு மட்டும் ஊற்றி அரை நிமிஷம் விட்டு மிச்சத்தை ஊற்றுகிறேன். இருபது நிமிஷத்துக்கு மேல் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது, திக்காகவும் இருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் கடையில் தனியாக வாங்கின சிக்கரியைக் கலந்து, ஒரு க்ளிக் பெரிசாக அரைத்துக் கொடுக்கிறேன். இப்போது டபரா காலியாகத்தான் திரும்புகிறது.

இன்னொன்று. அரைத்ததும் பொடி கிரைண்டர் சுவரில் ஒட்டிக்கொண்டு பறந்தால், அரைக்கும் முன் கொட்டை மேல் ஓரிரு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் குலுக்குங்கள். உராய்வில் உண்டாகிற நிலைமின்சாரம் ஈரத்தில் குறைகிறது என்று 2023-இல் ஒரிகான் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அளந்து காட்டினார்கள். என் கிரைண்டரில் ஒட்டிக்கொள்வது நிஜமாகவே நின்றுவிட்டது.

துருக்கி காபிக்கு மைதா பதம் வேண்டும், அது மட்டும் எனக்கு இன்னும் கைகூடவில்லை. திருகை எவ்வளவு இறுக்கி அரைத்தாலும் நாக்கில் நறநறக்கிறது. கை கிரைண்டரிலேயே அந்தப் பதம் கொண்டுவந்தவர்கள் இருந்தால், எத்தனை கிராம் போட்டு எவ்வளவு நேரம் சுற்றினீர்கள் என்று எழுதுங்கள்.