பி2 விசாவில் டெக்சாஸ் போகிறவருக்கு வேட்டை லைசென்ஸ் வேண்டுமா?

பெரம்பூர் மாமா:
நவம்பரில் மகள் வீட்டுக்கு, சான் ஆன்டோனியோவுக்குப் போகிறோம். எனக்கு பி2 சுற்றுலா விசா, மாப்பிள்ளைக்கு ஹெச்1பி வேலை விசா. அவருடைய ஆபீஸ் நண்பருக்கு கெர்வில் பக்கம் பண்ணை இருக்கிறதாம். "காட்டுப்பன்றி சுடப் போகலாம் மாமா, தனியார் நிலத்தில் பன்றிக்கு லைசென்ஸே வேண்டாம்" என்கிறார். கல்லூரி நாளில் என்சிசியில் பாயின்ட் டூ டூ ரைஃபிள் சுட்டதோடு சரி. நான் 1966இல் பிறந்தவன். இந்த வயதில் எதற்கு என்று வீட்டில் ஒரு பக்கம் திட்டு, அதை விடுங்கள். விசாவில் போகிறவன் துப்பாக்கியைத் தொட்டால் சிக்கல் வருமா?

ஹில் கன்ட்ரி தமிழன்:
மாப்பிள்ளை சொல்வது பாதி சரி சார். பண்ணைக்காரர் அனுமதித்தால் காட்டுப்பன்றிக்கு டெக்சாஸ் அரசு லைசென்ஸ் கேட்பதில்லை, 2019 செப்டம்பரிலிருந்து இப்படித்தான். ஆனால் அது மாநிலச் சட்டம். துப்பாக்கிக்கு மத்தியச் சட்டம் தனி. பி2, ஹெச்1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. விதிவிலக்குகள் சில உண்டு. நமக்கு உதவுவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ். ஆக, பன்றிக்காக வேண்டாம், உங்களுக்காக வேண்டும்! அந்த நண்பர் அமெரிக்கக் குடிமகனாக இருந்தால் இதை யோசித்தே இருக்க மாட்டார்.

வெளியாருக்குப் பொது லைசென்ஸ் 315 டாலர், ஆகஸ்ட் 31 வரை செல்லும். தொடர்ந்து ஐந்து நாளுக்கு மட்டும் என்றால் 48 டாலர். இதில் வெள்ளைவால் மான் சுட முடியாது, பன்றிக்குப் போகிற உங்களுக்கு அது எதற்கு? மாப்பிள்ளை ஆறு மாதமாவது டெக்சாஸிலேயே இருந்திருந்தால் உள்ளூர்க் கட்டணம், 25 டாலர். 1971 செப்டம்பர் 2 முதல் பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். நீங்கள் தப்பித்தீர்கள், மாப்பிள்ளை மாட்டினார். ஆன்லைனிலேயே முடித்துவிடலாம், இப்போதே உட்காரச் சொல்லுங்கள்.

வேளச்சேரி வாசு:
அந்த 48 டாலரில் நம்ம புள்ளிமானும் சேர்த்தி, தெரியுமா? கிண்டிப் பூங்காவிலும் ஐஐடிக்குள்ளும் மேய்கிறதே, அதே ஜாதி. 1930களில் கொண்டுபோய் விட்டார்கள், பண்ணை வேலியைத் தாண்டிப் பெருகிவிட்டது. அங்கே அது வெளிநாட்டு விலங்கு, அதனால் வருடம் முழுக்கச் சுடலாம். இங்கே 1972 வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான். எனக்கு மனசு வராது சார், தினமும் வாக்கிங்கில் பார்க்கிற முகம்.

பெரம்பூர் மாமா:
புள்ளிமான் வேண்டவே வேண்டாம், பன்றி போதும். இன்னொன்று. கை பழகிப் பல வருடம் ஆகிறது. போனதும் ஒரு ஷூட்டிங் ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கி எடுத்துப் பழகலாமா? அதற்கு எதுவும் தேவையில்லைதானே?

ஹில் கன்ட்ரி தமிழன்:
ரேஞ்சிலும் அதே சட்டம்தான் சார். வாடகையோ இரவலோ, துப்பாக்கி கைக்கு வருகிறதே. முதலில் லைசென்ஸ், அப்புறம் ரேஞ்ச். ஐந்து நாள் லைசென்ஸ்தான் எடுக்கிறீர்கள் என்றால் முதல் நாளைப் பழகுவதற்கு ஒதுக்குங்கள். பாஸ்போர்ட்டும் லைசென்ஸும் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். ஆறாவது நாள் துப்பாக்கிப் பக்கமே போகாதீர்கள்.