ஈறு நோயும் மறதிநோயும்: கூட இருந்து பார்ப்பவர்களின் அனுபவப் பகிர்வு

ஈறு சிகிச்சை மருத்துவர்:
"ஈறுல ரத்தம் வருது டாக்டர், மறதி வந்துடுமா?" என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. 2019இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்த ஆய்வு இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஈறு நோய்க் கிருமியான போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் சுரக்கும் ஜிஞ்சிபெயின் நொதிகள், மறதிநோயின் ஒரு வகையான அல்சைமர் இருந்து இறந்தவர்களின் மூளையில் காணப்பட்டன. எலிகளின் வாயில் கிருமியைத் தடவியபோது மூளையில் அமிலாய்டு (அல்சைமரில் படியும் புரதம்) கூடியது. ஆனால், அந்த நொதியைத் தடுக்கும் அடுசாஜின்ஸ்டாட் மருந்தை 643 பேரிடம் சோதித்து 2021இல் முடிவு வந்தபோது, முதன்மை இலக்குகள் எட்டப்படவில்லை. 2017இல் வந்த தைவான் ஆய்வில், பத்தாண்டு ஈறு நோய் இருந்தவர்களுக்கு அல்சைமர் வாய்ப்பு, ஈறு நோய் இல்லாதவர்களைப் போல் சுமார் 1.7 மடங்கு. இது தொடர்பு மட்டுமே. காரணம் என்பதற்கு நிரூபணம் இல்லை. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் சொன்ன, மறதிநோய்க்கான 14 ஆபத்துக் காரணிகளில் ஈறு நோய் இல்லை. சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் உண்டு. இரண்டுமே ஈறையும் கெடுப்பவை, குழப்பம் அங்கேதான்.

மறதிநோய்ப் பராமரிப்புச் செவிலியர்:
எதிர்த்திசையில் நடப்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மறதி முற்றினால் வாய் கெடுகிறது. பிரஷைக் கொடுத்தால் முன்பல்லை மட்டும் தேய்த்து வைத்துவிடுவார்கள். கடைவாய்ப் பல்லின் நாக்குப் பக்கம் அழுக்கு படிந்து காரையாக இறுகிவிடும். பிறகு பிரஷுக்கு அசையாது, பல் மருத்துவரிடம் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங்தான்.

தேய்த்துவிடும்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையை லேசாகத் தாழ்த்துங்கள். அண்ணாந்தால் நீரும் நுரையும் மூச்சுக்குழாய்க்குள் போகும். "அம்மா, பல் விளக்கலாமா?" என்று கேட்டு, பிரஷை அவர்கள் கையிலேயே கொடுத்து, அதன்மேல் உங்கள் கையை வைத்து நகர்த்துங்கள். சிறிய தலையுள்ள மென்மையான பிரஷ் போதும். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்வாக வையுங்கள். ஃபுளூரைடு பேஸ்ட் பட்டாணி அளவு, துப்பத் தெரியாதவருக்கு லேசான பூச்சு. விரலைப் பற்களுக்கு நடுவில் வைக்கவே கூடாது, எதிர்பாராமல் கடித்துவிடுவார்கள். மறுத்தால் விட்டுவிட்டு, அரை மணி கழித்துக் கேளுங்கள். கட்டாயப்படுத்தினால் நாளைக்கும் வாய் திறக்காது.

ஈறு சிகிச்சை மருத்துவர்:
செவிலியர் சொன்ன கோட்டில்தான் ரத்தமும் வரும். பயந்து அந்த இடத்தைத் தேய்க்காமல் விட்டால் வீக்கம் கூடும். ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள ஆழத்தை அளக்கும் ஈறு அளவுகோலில் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை சரி. 4 அல்லது அதற்கு மேல் என்றால், ஈறு பல்லைவிட்டு விலகிப் பை உண்டாகிவிட்டது என்று பொருள், பிரஷ் அங்கே எட்டாது. புகைப்பவர்களை மட்டும் ரத்தத்தை வைத்து மதிப்பிடாதீர்கள், நோய் இருந்தும் ரத்தம் குறைவாகவே வரும். ஆடுகிற பல்லையும் தள்ளிப்போடாதீர்கள். மறதி உள்ளவர் அதை விழுங்கலாம், மூச்சுக்குழாயிலும் சிக்கலாம்.

முதியோர் பல் மருத்துவர்:
வாய் கொப்பளிக்கும் மருந்து பற்றி ஒரு எச்சரிக்கை. 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் வாங்கிக் கொடுத்து, முதியவர் அப்படியே விழுங்கிவிடுகிறார். துப்பத் தெரியாதவருக்கு மருத்துவரைக் கேட்டு, பிரஷில் அல்லது காஸ் துணியில் தொட்டு ஈறில் தடவுங்கள். பேஸ்ட் போட்டு அரை மணி கழித்துத்தான், இல்லையேல் வேலை செய்யாது. நாள்கணக்கில் நீண்டால் பல் பழுப்பாகும்.

செயற்கைப் பல்செட்டை இரவில் கழற்றிக் குளிர்ந்த நீரில் போடுங்கள். வெந்நீரில் போட்டால் வளைந்து, காலையில் ஈறை அறுக்கும். தூக்க மருந்து, மனச்சோர்வு மருந்து சாப்பிடுபவரின் வாய் வறண்டிருந்தால் அந்த மருந்துப் பட்டியலை அப்படியே கொண்டுவாருங்கள். எச்சில் குறைந்த வாயில் பல் சொத்தையும் வேகமாகப் பரவும்.