முதியோர் பராமரிப்பு படிக்கலாமா?

பரந்தன்காரி:
ஏ.எல். கலைப்பிரிவு முடித்துவிட்டு, பாரிசவாதம் வந்த அம்மம்மாவை வீட்டில் பார்க்கிறேன். எங்கள் ஒழுங்கையில் தனியே இருக்கும் வயோதிபர்கள்தான் கூட. பிள்ளைகள் கனடா, லண்டன். இதையே முறையாகப் படித்தால் வேலை வருமா? 'கிழவிக்குக் கால் கழுவப் படிப்பு வேணுமோ' என்று பெரியப்பா நக்கலடிக்கிறார்.

வவுனியா ஓய்வுநிலைத் தாதி:
படியுங்கோ பிள்ளை. பராமரிப்பாளர் பயிற்சிக்கு என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையில் கேளுங்கோ. 4ஆம் மட்டம் வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா. பெரியப்பாவிடம் ஒன்று கேளுங்கோ: குதிக்காலில் சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் என்ன அர்த்தம்? படுக்கைப்புண்ணின் தொடக்கம். எங்கள் நிறத்தில் சிவப்பு இலகுவில் தெரியாது. சூடும் இறுக்கமும் தடவித்தான் பார்க்க வேண்டும். கெண்டைக்காலுக்குக் கீழ் தலையணை வைத்துக் குதிக்காலை மெத்தையில் படாமல் தூக்கிவிடுங்கோ. இதெல்லாம் படிப்புத்தான்.

ஸ்காபரோ அண்ணா:
இங்கே ஒன்ராறியோவில் சமூகக் கல்லூரிகளில் இந்தத் தொழிலுக்குச் சான்றிதழ் தருகிறார்கள். முதுமையியல் வேறு, அதில் தனிமை, மறதிநோய், ஓய்வூதியம், சட்டம் எல்லாம் வரும். ஏஜென்சிக்காரன் இரண்டும் ஒன்று என்றால் நம்பாதே தங்கச்சி. முதலில் ஊரிலேயே படி.

பரந்தன்காரி:
நன்றி அக்கா, அண்ணா. அம்மம்மாவுக்கு அழுத்தினால் வெளுக்கிறது. சரி, கிளிநொச்சியில் காற்று மெத்தை வாடகைக்கு எடுக்கலாமா?