கீழ்த்தள ஹாலுக்கு ஐவரியா, இளஞ்சாம்பலா?

கேள்வி – ராயபுரம்வாசி
வணக்கம். எங்கள் பழைய வீட்டின் கீழ்த்தள ஹாலுக்கு எமல்ஷன் பெயின்ட் அடிக்கத் தீர்மானித்து, ஷேட் கார்டில் ஐவரி, இளஞ்சாம்பல் என்ற இரண்டில் வந்து நிற்கிறோம். வடக்குப் பார்த்த ஒரே ஜன்னல். எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டின் மஞ்சள் சுவர்தான் தெரியும். தரை சிவப்பு ஆக்சைடு, நிலையும் கதவும் தேக்கு. மனைவிக்கு ஐவரி, மகனுக்குச் சாம்பல். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில் – தண்டையார்பேட்டை
ஐயா, என் வாக்கு ஐவரிக்கு. சென்னையில் ஏறத்தாழ ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயில் வடக்கே சாய்ந்து விழும் என்றாலும், எதிர்ச்சுவர் அத்தனை நெருக்கமாக இருப்பதால் உங்கள் ஹாலுக்கு வருவது பெரும்பாலும் அந்த மஞ்சள் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே. அந்த வெளிச்சத்தில் சாம்பல் நிறம் அழுக்கேறியதுபோல் மங்கிப் போகும். சில ஷேட் கார்டுகளில் எல்ஆர்வி என்று ஓர் எண் இருக்கும். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100 என்று வைத்து, நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்பதை அது காட்டும். இருட்டான அறைக்கு அந்த எண் கூடுதலாக உள்ளதையே எடுங்கள்.

சிவப்புத் தரையையும் மறந்துவிட வேண்டாம். சுவரின் அடிப்பகுதியில் அதன் சாயல் ஏறும்; ஐவரியில் அது பொருந்திப் போகும், நீலம் கலந்த சாம்பலில் உறுத்தும்.

பதில் – காசிமேடு, பெயின்டிங் கான்ட்ராக்டர்
நிறத்தைப் பிறகு பேசலாம். சுவரின் அடியில் உப்புப் பூக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்தப் பக்கத்துக் கீழ்த்தள வீடுகளில் அது சாதாரணம். ஈரம் ஏறும் வழியை அடைக்காமல் பட்டி, பிரைமர், எமல்ஷன் என்று எதை அடித்தாலும் செதில் செதிலாக உரிந்துவரும். அந்த வெள்ளைப் பொடி சாம்பல் சுவரில் பளிச்சென்று தெரியும், ஐவரியில் அவ்வளவு தெரியாது. ஆனால் ஸ்விட்ச் போர்டைச் சுற்றிக் கைக்கறை படிவதை ஐவரி மறைக்காது என்பதால், துடைக்கக்கூடிய வகையாக வாங்குங்கள்.

பதில் – பெரம்பூர்
எந்த விளக்கு என்று நீங்கள் சொல்லவில்லையே? விளக்கு வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள். 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் சாம்பல் நீலம் தட்டும். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் ஐவரி மஞ்சளாகிவிடும்.

ராயபுரம்வாசி
வெள்ளை டியூப்லைட்தான்.

பதில் – பெரம்பூர்
அப்படியானால் ஐவரியே நல்லது. இருந்தாலும் மகன் மனம் கோணாமலிருக்க, இரண்டிலும் சிறிய டப்பா வாங்கி, பெரிய அட்டைகளில் இரண்டு கோட் அடித்துக் காயவிட்டு, காலையிலும் இரவு விளக்கிலும் தேக்கு நிலைக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். பழைய சுவரின் மீதே அடித்துப் பார்த்தால் சுற்றியுள்ள நிறம் கண்ணை ஏமாற்றிவிடும்.