சோனிக் லோகோ: ஒலிமுத்திரையா, ஒலிச்சின்னமா?

அன்பின் நண்பர்களுக்கு,

ஒரு நிறுவனத்தை அடையாளம் காட்டும் குறுகிய ஒலிக்கு ஆங்கிலத்தில் 'சோனிக் லோகோ' என்று பெயர். அதற்கு நான் தேடும் தமிழ்ச் சொல்லைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் இது.

> "விளம்பர இசை" போதாதா? புதிதாக ஒரு சொல் எதற்கு?

போதாது ஐயா. விளம்பர இசை என்றால் ஒரு பொருளைப் புகழ்ந்து பாடுவதுதான் நினைவுக்கு வரும். நான் மொழிபெயர்க்கும் கட்டுரை மிக்காயெல் பூமெண்டில் என்ற பிரெஞ்சுக்காரரைப் பற்றியது. 1995இல் 'சிசியெம் சோன்' நிறுவனத்தைத் தொடங்கியவர். ('ஆறாம் ஒலி' என்று பொருள். பிரெஞ்சில் 'ஆறாம் புலன்' என்பதும் ஏறக்குறைய இப்படித்தான் ஒலிக்கும். இந்தச் சிலேடையைத் தமிழில் கொண்டுவரப் பார்த்துத் தோற்றுவிட்டேன்.) நிறுவனங்களுக்கு லோகோ வரைந்து தருவார்கள் அல்லவா, அதையே ஒலியில் செய்து தருவது இவர் தொழில்.

பிரெஞ்சு ரயில்வேக்கு 2005இல் இவர் தந்தது நான்கே சுரம். நம் கணக்கில் ச, ப, சுத்த தைவதம், சாதாரண காந்தாரம். நிலையத்தில் அறிவிப்புக்கு முன் ஒலிக்கும். அதில் பாட்டும் இல்லை, விலையும் இல்லை. ரயில்வே பேசப்போகிறது, அவ்வளவுதான்.

> முத்திரை என்றால் பரதநாட்டியக் கைதானே?

கீர்த்தனையில் தீட்சிதர் தன் கையொப்பம்போல வைக்கும் 'குருகுஹ' முத்திரையை நினைத்துத்தான் போன வாரம் 'ஒலிமுத்திரை' என்றேன். ஆனால் அது சாகித்தியத்தில், அதாவது பாட்டின் வரிகளில், வரும் சொல். இங்கே சொல்லே கிடையாது. சரி, விட்டுவிடுகிறேன்.

> அப்படியானால் ஒலிச்சின்னம்?

சின்னம் கண்ணுக்கு உரியது என்று இதை அவசரப்பட்டுத் தள்ளியவனும் நான்தான். நேற்று இரவுதான் உறைத்தது: சின்னம் என்பது ஓர் ஊதுகருவியும்கூட! சாமி புறப்பாட்டில் திருச்சின்னம் ஊதுகிறார்களே. சம்பந்தருக்கு அரத்துறையில் முத்துச்சிவிகையோடு சின்னமும் கிடைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. அதை ஊதி அவர் வருகையை அறிவித்தார்கள். ரயில் நிலையத்து நான்கு சுரமும் அதே வேலையைத்தானே செய்கிறது? கண்ணும் காதும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது வேறெங்கே தேடுவது!

'இசைச்சின்னம்' வேண்டாம். ஹாலிவுட் பட நிறுவனமான எம்.ஜி.எம்.மின் சிங்கக் கர்ஜனையை யாரும் இசை என்று சொல்லமாட்டார்கள்.

கட்டுரையின் வாக்கியம் ஒன்றில் வைத்துப் பார்த்தேன்: "பிங்க் ஃபுளாய்டு ராக் இசைக்குழுவின் டேவிட் கில்மர் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நிலையத்தில் அந்த ஒலிச்சின்னத்தைக் கைப்பேசியில் பதிந்துகொண்டு, அதை வைத்தே 2015இல் 'ராட்டில் தட் லாக்' பாட்டைக் கட்டினார்; இசையமைத்தவர்களில் பூமெண்டில் பெயரும் இருக்கிறது." எங்கும் இடறவில்லை.

அப்புறம், 'சோனிக் பிராண்டிங்' பாக்கி இருக்கிறது. ஒலிச்சின்னம் அதில் ஒரு துண்டுதான். தொலைபேசியில் காத்திருக்கும்போது கேட்பது, விளம்பர முடிவில் வருவது என நிறுவனத்தின் எல்லா ஒலிகளையும் ஒரே குடும்பமாக அமைப்பது அந்த வேலை. 'ஒலி அடையாளமாக்கம்' என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. 'ஒலியடையாளம்' என்று நிறுத்திக்கொள்ளலாமா?