மறைக்கல்விக்குக் கடைசி நேரத்தில் மாற்று ஆசிரியர்: வழி சொல்லுங்கள்

வணக்கம். கும்பகோணம் பக்கம் ஒரு கிராமக் கத்தோலிக்கப் பங்கு (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கோயில் சமூகம்). ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் 8 முதல் 9 மணி வரை, 9ஆம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரையுள்ள பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, அதாவது வேதபாட வகுப்பு. 3 பிரிவு, 46 பேர், 4 ஆசிரியர்கள். சனி இரவு 9 மணிக்கு மேல்தான் "நாளைக்கு வர முடியல" என்று செய்தி வருகிறது. ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை நடைப்பயணம், அது முடிந்தால் சம்பா நடவு, முகூர்த்த நாட்கள்.

வாட்ஸ்அப் குழுவில் பொதுவாகக் கேட்டால் பலனில்லை, அடுத்தவர் போவார் என்று எல்லோரும் இருந்துவிடுகிறார்கள். பிரிவுகளைச் சேர்த்தோம், பிளஸ் டூ பிள்ளைகள் மறுவாரம் வரவில்லை. கன்னியர்களை (அருட்சகோதரிகளை) கேட்கலாமென்றால் அவர்களுக்கு அதே நேரம் கிளைக்கிராமப் பூசை.

ஓரளவு கைகொடுத்தது ஒரு துணிப்பைதான். வருகைப் பதிவேடு, விவிலியம், அன்றைய நற்செய்தியை ஒட்டி ஒரு தாளில் பாடம்: செபம் 5 நிமிடம், வாசகம் 10, நாலைந்து பேராகப் பிரிந்து பேச 25, தொகுத்துச் சொல்ல 10. பூசையில் மறையுரை கேட்ட யாரும் நடத்தலாம். ஆனால் உறுதிபூசுதல் என்ற திருவருட்சாதனத்துக்குப் பிள்ளைகளைத் தயாரிக்கும் வகுப்புக்கு இது உதவாது. அங்கே பாடம் வரிசையாகப் போக வேண்டும். பங்குத்தந்தைக்குத் தெரியாத ஆளிடம் பிள்ளைகளை விடவும் மாட்டோம்.

உறுதிபூசுதல் வகுப்புக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே இரண்டு ஆசிரியர்களைச் சேர்த்துப் போடுவதா, மாதம் ஒருவரைத் தயார்நிலையில் வைப்பதா, உங்கள் பங்கில் எது நிலைத்தது?